பின்னுக்கு நீட்டிய கை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தப் பழைய வீடியோவைப் போட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மாஷ்சே ஏரிக்கரையில் நாங்கள் எல்லோரும் நடக்கிறோம். நான் தொப்பி, மப்ளர் எல்லாம் சுற்றிக்கொண்டு பொதி மாதிரி அசைந்து வருகிறேன். எல்லோருக்கும் முன்னால், வெகுதூரம் தள்ளி, நீல ஜக்கெற் போட்ட ஒரு முதுகு போகிறது. "லோக் அன்ரி! லோக் அன்ரி!" என்று சின்னவன் கத்தினான். இந்த ஜேர்மன் பிள்ளைகள் ரயில் எஞ்சினுக்குச் சொல்லும் சொல்லை அவருக்குப் பட்டமாய் வைத்தவர்களே நீங்கள்தான். "அப்பா, அவவுக்குக் கழுத்துத் திரும்பாதோ?" என்று மூத்தவள் கேட்டாள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. வாயால் சொன்னால் சரியாய் வராது என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். நான் ஓ.எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. நான் அக்கா என்பேன், அவருடைய கணவரை அண்ணை என்பேன். அக்காவிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு வந்தவர் அவர்தான். ஆனால் நடக்கும்போது திரும்பிப் பார்க்க மாட்டார். எவர் கூப்பிட்டாலும் மாட்டார். பின்னாலிருந்து "அக்கா" என்றால் நிற்பார். முதுகைக் காட்டிக்கொண்டே, "சொல்லு அப்பன், கேக்குது" என்பார். நாங்கள்தான் சுற்றிப் போய் முன்னுக்கு நிற்கவேண்டும்.

புதிதாய் வந்தவர்கள் இதை எடுப்பு என்று நினைத்தார்கள். "பெரிய மகாராணி" என்று கடையில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அண்ணை மட்டும் சிரிப்பார். "கலியாணம் கட்டி இருபத்தைஞ்சு வரியம். மனுசியின்ரை முகத்தைவிட முதுகைத்தான் கூடப் பாத்திருக்கிறன். பாஸ்போட்டிலையும் முதுகுப் படத்தை ஒட்டியிருந்தா எனக்கு அடையாளம் காட்டச் சுகம்" என்பார். அவர் சொல்லுகிற விதத்தில் எங்களுக்கும் சிரிப்பு வரும். அக்காவும் முன்னால் போய்க்கொண்டே சிரிப்பார். தோள் குலுங்குவது தெரியும்.

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. செத்தவருக்குக் கொள்ளி வைத்தவர் சுடலையில் இருந்து திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். பார்த்தால் போன உயிருக்குப் போக மனம் வராது என்பார்கள். அக்காவின் நடையைப் பார்க்கும்போதெல்லாம், எவருக்கோ கொள்ளி வைத்துவிட்டு வருகிறவரின் நடை மாதிரி இருந்தது எனக்கு. உண்மை நான் நினைத்ததற்கு நேர் எதிர் என்று விளங்க வருஷங்கள் சென்றன.

அவருடைய இடது கையையும் சொல்லவேண்டும். வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பாருங்கள். வலது கை எல்லோருக்கும் போல ஆடும். இடது கை ஆடாது. கொஞ்சம் பின்னுக்கு நீட்டி, உள்ளங்கை விரிந்தபடி இருக்கும். கட்டடத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாலும் அந்தக் கை கதவை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்னால் ஒருவரும் வராவிட்டாலும் நிற்கும்.

மூத்தவளே, உனக்கு இது ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு ஐந்து வயது. இலையுதிர் காலம். ஏரிக்கரையில் நீ என் கையை விட்டுவிட்டு ஓடினாய். முன்னால் போய்க்கொண்டிருந்த அக்காவின் அந்தக் கைக்குள் உன்னுடைய கையை வைத்தாய். விளையாட்டுக்குத்தான். அக்கா அப்படியே நின்றுவிட்டார். கை உன்னை இறுக்கிப் பிடித்தது. திரும்பவில்லை.

"வந்திட்டியோ?" என்றார். மிகவும் மெதுவாய். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"ஓம் அன்ரி" என்றாய் நீ.

உன் குரலைக் கேட்டதும் கை விட்டது. அக்கா நடந்து போய்விட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் நடக்க வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தபோது உனக்கு ஒரு பை நிறைய இனிப்புக் கொண்டு வந்தார்.

ஞாயிறு நடை எப்படித் தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். ஹனோவரில் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். டொக்டர்மார் நடக்கச் சொன்னார்கள். தனியே நடக்க அலுப்பாய் இருக்கிறது என்று கூட்டமாய்ச் சேர்ந்தோம். ஏரி அலுத்துப்போய் ஹார்ட்ஸ் மலைக்குப் போனோம். அங்கே உச்சியில் நின்று சூப் குடித்துக்கொண்டு ஒருவர், "இதென்ன மலை, மேடு. மலை எண்டால் இமயமலை" என்றார். உடனே எல்லோரும் போவதாய் முடிவாகிவிட்டது. ஹனோவருக்குத் திரும்பியதும் ஒருவருக்கு முழங்கால் நோவு, ஒருவருக்கு வேலையில் ஊர்லௌப் லீவு கிடைக்கவில்லை, ஒருவருக்கு மகளின் பரீட்சை. கடைசியில் விமானத்தில் ஏறியது அக்கா, அண்ணை, நான், மூன்று பேர்தான். சூப் குடித்தவர் விமான நிலையத்துக்கு வழியனுப்பவும் வரவில்லை.

நேபாளத்தில் எங்களுக்கு வழி காட்டியவர் என்னோடு உணவகத்தில் வேலை செய்த பெடியனின் தமையன். சுமை தூக்க ஒருவரையும் கூட்டி வந்தார். முதல் நாட்கள் நல்லாய்த்தான் இருந்தன. பள்ளத்தாக்கின் அடியில் ஆறு இரைந்துகொண்டு கூடவே வரும். வயல்கள் படிப்படியாய் ஏறும். கழுத்தில் மணி கட்டிய கோவேறு கழுதைகள் வந்தால் மலைப்பக்கமாய் ஒதுங்கி நிற்கவேண்டும். ஆற்றுப்பக்கம் நின்றால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். மேலே போகப் போக நெல் போய்ப் பார்லி வந்தது. கல்லால் கட்டிய வீடுகள், தட்டைக் கூரை, கூரை ஓரமெல்லாம் அடுக்கிய விறகு. ஒவ்வொரு ஊர் வாசலிலும் மந்திரம் செதுக்கிய கல் மதில் இருக்கும். அதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, கோயிலில் வலம் வருகிற பழக்கம்தானே.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முன்னால் வழிகாட்டி, அவரை இடிக்கிற மாதிரி அக்கா, பிறகு நல்ல தூரம் தள்ளி அண்ணை, அண்ணைக்குப் பின்னால் நான். வழிகாட்டி அடிக்கடி நின்று, "தீதி, பின்னால் பாருங்கள், மலை எவ்வளவு வடிவாய்த் தெரிகிறது" என்பார். தீதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. அக்கா, "நீ பாத்துச் சொல்லு, நான் கேக்கிறன்" என்பார். அந்த மனிதரும் பாவம், பனி எந்தச் சிகரத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று விவரமாய்ச் சொல்லுவார்.

ஒரு பின்னேரம் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். நடுவில் இரும்பு அடுப்பு, அதற்குள் யாக் மாட்டின் காய்ந்த சாணி எரிந்தது. நாங்கள் சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் முதுகுப் பக்கம் வாசல். அந்த வாசலில் நின்று வீட்டுக்காரப் பெண் மலையைப் பார்த்துக் கூப்பிட்டார். "பாய்! ஓ பாய்!" இருட்டுகிறது, யாரையோ தேடுகிற குரல்.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"பாய் என்றால் தம்பி. மாடு சாய்க்கப் போன தம்பி இன்னும் வரவில்லை, அதுதான் கூப்பிடுகிறா" என்றார் வழிகாட்டி.

அக்கா கரண்டியை வைத்தார். அந்தப் பெண் திரும்பவும் கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை கேட்டது. நல்ல உயரமான தம்பிக்காரன் வாசலில் குனிந்து வந்து சேர்ந்தான், ஏச்சு வாங்கினான், சிரித்துக்கொண்டு அடுப்படியில் குந்தினான். எல்லாம் முடிந்தபிறகும் அக்கா கரண்டியை எடுக்கவில்லை.

"என்ரை தம்பியும் நல்ல நெடுவல்" என்றார். "பத்தொன்பது வயசு."

அக்காவுக்குத் தம்பி இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. எங்கள் பெண்கள் வயதில் குறைந்த ஆண் எவரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னை அப்பன் என்பார். கடைக்காரரை மகன் என்பார். வழிகாட்டிக்கு வெறும் நீதான்.

இந்த நாட்டுக்கு வரும்போது அக்காவும் தம்பியும் காட்டு வழியாய் எல்லை கடந்தார்களாம். குளிர்காலம். கூட்டி வந்தவன் சொன்னது இவ்வளவுதான்: வரிசையாய் வரவேண்டும், கதைக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. முகம் திரும்பினால் தூரத்து வெளிச்சத்தில் வெள்ளையாய்த் தெரியும் என்றானாம். தம்பி அக்காவின் பின்னால். அக்கா கையைப் பின்னுக்கு நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஒரு வாய்க்கால் தாண்டினனாங்கள். அதிலை கையை விட்டவன். பாயிறதுக்காக்கும் எண்டு நினைச்சன். நீட்டினபடியே போனனான், இப்ப பிடிப்பான், இப்ப பிடிப்பான் எண்டு. றோட்டு வந்திட்டுது."

"பிறகு தேடேல்லையோ அக்கா?"

"தேடாத இடமில்லை. பொலிஸ், சங்கம், ரெட்குறொஸ், எல்லா இடத்திலையும் ஆன்ட்ராக் பத்திரம் நிரப்பிக் குடுத்து முடிஞ்சுது. உயிரோடையும் இல்லை, செத்த ஆக்களிலையும் இல்லை." அடுப்பைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு மழை வரும் என்று சொல்லுவது போலச் சொன்னார்: "நான் திரும்பிப் பாக்கேல்லை. அதாலை அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான்."

எனக்கு முதுகு கூசியது. வரிசையில் கடைசியாய் நடந்தவன் நான்தானே.

"சரி சரி, தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார் அண்ணை. அவருக்கு இது எப்போதோ தெரிந்த கதை. அந்தக் கைக்குப் பின்னால்தான் அவர் இருபத்தைந்து வருஷமாய் நடந்திருக்கிறார், ஒரு நாளும் அதைப் பிடிக்காமல்.

அடுத்தடுத்த நாட்களில் அண்ணையிடமிருந்து கோடாலித் தைல மணம் வரத் தொடங்கியது. முதலில் இலேசாய், பிறகு தொப்பி, மப்ளர் எல்லாம் அந்த மணம். வழிகாட்டி ஒவ்வொரு பின்னேரமும் கேட்பார், தலையிடி இருக்கிறதா, நித்திரை வந்ததா என்று. உயரத்தில் தலையிடி வந்தால் ஏறக்கூடாது, மிஞ்சினால் மூளைக்குள் நீர் கோத்து ஆள் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அண்ணை, "நோ ப்ரொப்ளம்" என்பார். எங்கள் ஆட்களின் பிழை இது. எந்த நோவுக்கும் ஒரு பனடோலும் கொஞ்சம் தைலமும் போதும் என்று நினைப்போம். பனடோல் போட்டால் வலி தெரியாமல் போகுமே தவிர, வருத்தம் போகாது.

மணத்தை வைத்து நான் கேட்டேன். "அண்ணை, தலையிடியோ? சொல்லுங்கோவன், இறங்குவம்."

"பேய்க்கதை கதையாதை. இது சளி."

"அக்காவுக்குச் சொல்லட்டோ?"

அண்ணை என் கையைப் பிடித்தார். "அவள் நடக்கேக்கை நான் மறிச்சதில்லை. இனியும் மறிக்கமாட்டன். நீயும் வாயை வைச்சுக்கொண்டிரு."

நான் வைத்துக்கொண்டிருக்கவில்லை. வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து அண்ணையை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், விரலைப் பார்க்கச் சொன்னார், எல்லாம் சரியாய்ச் செய்தார். "நாளைக்குக் கணவாய் தாண்டினால் பிறகு இறக்கம்தான். மெதுவாய்ப் போவோம், நான் பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் வெளிச்சம் வந்தபோது நாங்கள் பனிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தோம். காற்று ஊளையிட்டது. அண்ணை நின்று என்னைப் பார்த்தார். ஒரு கையில் கையுறை இல்லை. "இண்டைக்கு எனக்கு நைட் ஷிப்ற்றோ?" என்று கேட்டார்.

"என்ன அண்ணை?"

"பஸ் வந்தால் சொல்லு" என்று பனியில் அப்படியே கீழே இருந்துவிட்டார்.

நான் கத்தினேன். வழிகாட்டி ஓடி வந்து கண்ணைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இப்போதே இறக்கவேண்டும். இப்போதே" என்றார். அக்கா மேலே நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. இடது கை நீட்டியிருந்தது.

"அக்கா! அண்ணைக்கு ஏலாது! இறங்குவம், வாங்கோ!"

"வாறார்தானே. மெல்ல வரட்டும்."

"வரேல்லை அக்கா! இருந்திட்டார்!"

 பிறகு அக்கா இறங்கத் தொடங்கினார். எப்படி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பின்பக்கமாய். முகம் கணவாயைப் பார்த்தபடியே, தடியால் தட்டித் தட்டி, ஒவ்வொரு காலாய்ப் பின்னுக்கு வைத்து, அந்தச் சரிவில் இறங்கினார். "தீதி, திரும்புங்கள், விழப்போகிறீர்கள்!" என்று வழிகாட்டி கத்தினார். ஒரு தரம் சறுக்கி முழங்காலில் விழுந்தார். அப்போதும் திரும்பவில்லை. வந்து, நீட்டிய கையால் தடவி, அண்ணையின் தொப்பியைக் கண்டுபிடித்தார்.

"ஏனப்பா இருந்தனீங்கள்?"

"நீ போ" என்றார் அண்ணை, நாக்கு உளற. "நான் பின்னாலை வாறன்."

அக்காவின் தோள் ஒரு தரம் உதறியது. "இல்லை. இறங்குவம்" என்றார்.

சுமைகாரரும் வழிகாட்டியும் மாறி மாறி அண்ணையை முதுகில் சுமந்தார்கள், நெற்றியில் பட்டி போட்டு, மூட்டை சுமப்பது போல. அக்கா கண்ணை மூடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய், அதற்கும் முன்னால்தான் நடந்தார். தன்னுடைய சால்வையின் ஒரு நுனியை அண்ணையின் கையில் சுற்றிவிட்டு, மறு நுனியை இடது கையில் பின்னுக்குப் பிடித்துக்கொண்டார். சால்வை இழுபட்டபடி இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. "பிடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்பார். அண்ணை "ம்" என்பார். பிறகு "ம்" நின்றது. சால்வை மட்டும் இழுபட்டது.

கல்லால் கட்டிய இடையர் குடில் ஒன்றைத் தாண்டியபோது அண்ணையின் விரல்கள் விரிந்தன. சால்வை நழுவி விழுந்து, அக்காவின் பின்னால் பனியில் உரசிக்கொண்டு போனது. நான் அதைக் கண்டேன். சத்தம் போட வாயைத் திறந்தேன். அதற்கிடையில் அக்கா நின்றுவிட்டார்.

நாங்கள் எல்லோரும் நின்றோம். அக்காவின் கை சால்வையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தது. பாரம் இல்லை.

அக்கா திரும்பினார்.

அவர் முதலில் அண்ணையைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் தாண்டி, நாங்கள் இறங்கி வந்த பாதையைப் பார்த்தார். பனியில் எங்கள் காலடி மட்டும் மேலே கணவாய்ப் பக்கமாய்ப் போனது. நானும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அந்த முகத்தை நான் எழுதமாட்டேன். எழுதத் தெரியாது. பிறகு ஓடி வந்து அண்ணையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கில் காதை வைத்தார். "மூச்சிருக்கு, மூச்சிருக்கு" என்றார். "கெதியாய் நடவுங்கோ."

அதற்குப் பிறகு அவர் அண்ணையின் பக்கத்தில், கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கீழே ஊரில் ஒரு சிறிய வைத்திய நிலையம் இருந்தது. ஒக்சிஜன் கொடுத்தார்கள். பின்னேரம் அண்ணை கண் திறந்து தேத்தண்ணி கேட்டார். அவருக்கும் சீனி வருத்தம், சீனி போடாமலா என்று கேட்டபோது, "இண்டைக்கு மட்டும் போடச் சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்குச் சொல்ல வெளியே ஓடினேன். அவர் மதிலில் குந்தியிருந்து மேல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணை முழிச்சிட்டார்."

"தெரியும். சத்தம் கேட்டுது." பாதையில் இருந்து கண்ணை எடுக்காமல், "அப்பன், வழியிலை ஒருத்தரும் இல்லை" என்றார்.

நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"இண்டைக்குத்தான் அவன் செத்தவன்" என்றார் அக்கா. "இவ்வளவு நாளும் இருந்தவன்."

"தம்பியின்ரை பேர் என்ன அக்கா?" என்று கேட்டேன். அவர் பெயர் சொல்லவில்லை. எழும்பி உள்ளே போனார்.

ஹனோவருக்குத் திரும்பியபின் அக்காவின் நடை போய்விட்டது. ஒரு தரம் திரும்பியவரால் பிறகு திரும்பாமல் இருக்க முடியவில்லை. நாலு அடி வைப்பார், திரும்பிப் பார்ப்பார். மாடிப்படியில், ட்ராமில், கடையில் பாண் எடுக்கும்போதும். அந்தப் பார்வை எங்கள் முகத்துக்கு நேரே வராது, எங்கள் தலைக்குச் சற்று மேலே போகும். தம்பி நெடுவல் என்று சொன்னாரே. ஞாயிறு நடையைக் கைவிட்டார். அடுத்த வருஷம் இருவரும் தெற்கே மகள் வீட்டோடு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் அண்ணை ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அக்காவுமாய் ரயில் ஏறினார். அக்கா ஏறும்போதும் திரும்பினார். நான் கை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

செத்துவிட்டான் என்று சொன்னாரே தவிர, அவர் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஐயரைக் கூப்பிடவில்லை, விளக்கு வைக்கவில்லை. செய்யும்வரை இப்படித்தான் திரும்பிக்கொண்டிருப்பார் என்று எனக்குப் பட்டது. எனக்கு அதைச் செய்ய உரித்தும் இல்லை, உறவும் இல்லை.

அவர்கள் போன அடுத்த வாரம், காலை வேலைக்குப் போகும் வழியில், ட்ராமில் ஒரு தரிப்பிடம் முந்தியே இறங்கி லைன ஆற்றங்கரைக்குப் போனேன். கடையில் வாங்கிய எள்ளைக் கடுதாசியில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். நாயோடு வந்த ஒரு மனிதர் போகும்வரை நின்றேன். பிறகு குந்தி, எள்ளும் தண்ணீருமாய்க் கையில் எடுத்தேன். பெயர் சொல்லவேண்டிய இடத்தில் "அக்காவின்ரை தம்பி" என்று சொல்லி மூன்று தரம் இறைத்தேன். எள்ளு போகவில்லை. கரையோரம் நாணலில் ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஒரு தடியை முறித்து, நீரோட்டம் பிடிக்கும் இடம் வரை அதை மெல்லத் தள்ளிவிட்டேன்.